சுண்ணாம்புக்கல்லும் எக்ஸ்-கதிரும்
திண்மப் பொருள்களின் அமைப்பறிவு பற்றிய ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாற்றை எழுத முற்பட்டோர் அதன் கிணற்றையும் தோட்டத்தையும், பனையையும் புகையிலையையும், நிலவுடைமையையும் சாதியமைப்பையும் பற்றி விரிவாகவே ஆராய்ந்துள்ளனர். இவையனைத்தையும் தாங்கி நிற்கும் கல்லைப் பற்றி அவர்கள் அதிகம் கூறினாரல்லர். குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லாகும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமற்ற இந்நிலத்தில், மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்கி நிற்கிறது. அந்நீரே கிணற்று நீர். அக்கிணற்றின்மீதே தோட்டச் செய்கையும், அதன்மீது எழுந்த உறவுகளும் நிலைபெற்றன. அக்கல்லே சுண்ணாம்பாகவும், 1950இன் பின்னர் சீமெந்தாகவும் மாறியது. இக்கல்லின் உள்ளமைப்பு எவ்வாறு அறியப்பட்டது, யாரால் அறியப்பட்டது, அவ்வறிவு கல் கிடந்த இடத்தில் ஏன் தோன்றவில்லை என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

இலக்கிய மாணவனொருவன் பௌதிகவியலின் எல்லைக்குட் புகுவது அத்துமீறலாகத் தோன்றலாம். ஆயின் ‘அமைப்பு’ என்னும் சொல்லை இன்று நாமே அதிகம் கையாளுகிறோம். மொழியின் அமைப்பு, கதையின் அமைப்பு, சமூகத்தின் அமைப்பு என்றெல்லாம் எழுதுகிறோம். அச்சொல் தனது மிகக் கறாரான பொருளைப் பெற்றது திண்மப் பொருள்களைப் பற்றிய ஆய்விலேயாகும். கல்சைற்று, அரகனைற்று எனும் இரு கனிப்பொருள்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் கல்சியங் காபனேற்றே. இரசாயனப் பகுப்பு இரண்டிற்கும் ஒரே விடையையே தரும். எனினும் ஒன்றின் அடர்த்தி 2.71, மற்றதினது 2.93. ஒன்று எளிதிற் சாய்சதுரத் துண்டுகளாகப் பிளக்கும். மற்றது அவ்வாறு பிளவாது. பழைய சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கல்சைற்று. உயிருள்ள முருகையின் எலும்புக்கூடும் சங்கின் ஓடும் அரகனைற்று. காலப்போக்கில் அரகனைற்றுக் கரைந்தும் மீளப் படிந்தும் கல்சைற்றாகிறது. கூறுகள் ஒன்றே, அவை அடுக்கப்பட்ட முறையே வேறு. உருவம், உள்ளடக்கம் பற்றி நமது விமர்சகரிடையே நடந்த விவாதங்களிற் சில இவ்வுண்மையை அறிந்திருப்பின் சற்றுக் குறுகியிருக்கக்கூடும்.

அமைப்பு அறியப்படுமுன்னரே பொருள் கையாளப்பட்டு வந்தது. முருகைக்கல்லையும் சிப்பியையும் சங்கையும் சூளையிலிட்டுச் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, மணலோடு குழைத்துச் சாந்தாக்கும் தொழில் தமிழ்க் கரையோரங்களில் மிகப் பழமையானது. வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பும், சுவருக்குப் பூசிய வெள்ளையும், புகையிலைச் செல்வத்தால் எழுந்த நாற்சார் வீடுகளின் சாந்தும் ஒரே சூளையின் பேறுகளே. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் தமது கோட்டையைக் கட்டியதும் இக்கல்லாலும் இச்சுண்ணாம்பாலுமேயாம். எந்தக் கல் நன்றாக வேகும், எவ்வளவு எரிக்க வேண்டும், நீற்றிய சுண்ணாம்பு எப்போது பதமாகும் என்பனவெல்லாம் சூளையில் நின்றோருக்குக் கண்ணாலும் கையாலும் நாக்காலும் தெரிந்திருந்தன. அவ்வறிவை ஏட்டில் எழுதியவர் இலர். எழுதத் தெரிந்தோர் சூளையருகே நிற்கவில்லை. சூளையில் நின்றோர்க்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. மூளையுழைப்பும் உடலுழைப்பும் சாதியினால் இறுகப் பிரிக்கப்பட்ட சமூகத்தில் கைவினை விஞ்ஞானமாக உயர்வதற்கு இருந்த முதற்றடை இதுவேயாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தடை ஓரிடத்திற் சற்றுத் தளர்ந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழ்மொழி மூலம் மேலை மருத்துவம் கற்பித்தார்; அவருடைய முயற்சியால் இரசாயன நூலொன்று ‘கெமிஸ்தம்’ எனும் பெயரில் 1875இல் தமிழில் வெளிவந்தது. ஒரு பொருள் எத்தனை மூலகங்களால் எவ்விகிதத்தில் ஆனது என்பதைத் தமிழில் எழுத இயலும் என்பதை அந்நூல் நிறுவியது. ஆனால் அம்மூலகங்கள் திண்மத்தினுள் எங்கெங்கு நிற்கின்றன எனும் வினாவுக்கு அன்று எம்மொழியிலும் விடை இருக்கவில்லை.

ஊகம் மட்டும் இருந்தது. பிரான்சிய அறிஞர் ரெனே ஜஸ்ற் ஹாய் கல்சைற்றுப் பளிங்கு உடையும்போது மீண்டும் மீண்டும் அதே கோணங்கொண்ட துண்டுகளாகவே உடைவதைக் கண்டு, பளிங்கு என்பது ஒரே வடிவான நுண்கட்டிகளின் அடுக்கே என 1784இல் எழுதினார். சுண்ணாம்புக்கல்லின் கனிப்பொருளே பளிங்கியலின் தொடக்கத்தில் நிற்பது நமக்குச் சுவையான செய்தி. ஆயினும் அவ்வடுக்கைக் காண்பதற்கு ஒளி உதவாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் அணுக்களுக்கிடைப்பட்ட தூரத்தைவிட ஆயிரம் மடங்களவு பெரியது. அளவுகோலின் ஒரு பிரிவினுள்ளே பொருள் முழுவதும் மறைந்துவிடும்.

1895 நவம்பரில் வில்ஹெல்ம் றொன்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். அது துணிக்கையா, அலையா எனப் பதினேழாண்டுகள் விவாதம் நீடித்தது. 1912இல் மூனிக் நகரில் மாக்ஸ் ஃபொன் லவேயின் கருத்தின்படி பிரீட்றிக், கினிப்பிங் ஆகியோர் செப்புச் சல்பேற்றுப் பளிங்கொன்றினூடாக எக்ஸ்-கதிரைச் செலுத்தியபோது, பின்னே வைத்த ஒளிப்படத் தட்டில் புள்ளிகள் தோன்றின. ஒரே சோதனை இரண்டு வழக்குகளைத் தீர்த்தது: எக்ஸ்-கதிர் அலையே, பளிங்கு ஒழுங்கான அணுச் சாலகமே. அதே ஆண்டு நவம்பரில் கேம்பிறிட்ஜில் வில்லியம் லோறன்ஸ் பிராக் அப்புள்ளிகளை எளிய முறையில் விளக்கினார். அணுத்தளங்கள் கண்ணாடிகளைப் போலக் கதிரைத் தெறிக்கின்றன. அடுத்தடுத்த தளங்களிலிருந்து வருங் கதிர்களின் பாதை வேறுபாடு அலைநீளத்தின் முழுமடங்காக அமையும் கோணங்களில் மட்டும் அவை ஒன்றையொன்று வலுப்படுத்தும். ஏனைய கோணங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே கோணத்தை அளந்தால் தளங்களுக்கிடையிலான தூரம் கிடைக்கும். தந்தை வில்லியம் ஹென்றி பிராக் அமைத்த நிறமாலைமானியின் துணையுடன் மகன் 1913இல் கறியுப்பின் அமைப்பையும், 1914இல் வெளியிட்ட ஆய்வில் கல்சைற்றினதையும் தீர்த்தார். 1915இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அரகனைற்றின் அமைப்பு 1924வரை காத்திருந்தது. அதனையும் தீர்த்தவர் இளைய பிராக்கே.

இவ்வரலாற்றை மேதைகளின் வரிசையாகக் கூறுவது பாடநூல்களின் வழக்கம். லவேயும் பிராக்கும் மேதைகளே. ஆனால் உயர்மின்னழுத்தச் சுருள், நல்ல வெற்றிடக் குழாய், ஒளிப்படத் தட்டு ஆகிய மூன்றும் இன்றி அவர்களது மேதைமை சிந்தனையோடு நின்றிருக்கும். அம்மூன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மின், கண்ணாடி, இரசாயனக் கைத்தொழில்கள் ஈன்றவை. முறை பிறந்ததும் அது கைத்தொழிலிடமே மீண்டது. பெரிய ஒற்றைப் பளிங்கு தேவையில்லை, தூளே போதும் எனக் காட்டிய முறையை 1916இல் ஜேர்மனியில் டெபையும் ஷெரரும் வெளியிட்டனர்; 1917இல் அமெரிக்காவில் அதைத் தனித்துக் கண்டடைந்த ஹல் பணியாற்றியது ஜெனரல் எலெக்றிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில். மண், கல், உலோகம், சாந்து ஆகிய அன்றாடப் பொருள்கள் எல்லாம் தூள் முறையாலேயே ஆய்வுக்குள் வந்தன.

நமது சூளையை அம்முறையின் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவோம். இன்று பெரும்பாலான கருவிகள் செப்பு இலக்கிலிருந்து பெறப்படும் 1.54 அங்ஸ்ரொம் அலைநீளக் கதிரைப் பயன்படுத்துகின்றன. ஓர் அங்ஸ்ரொம் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஒரு கோடியில் ஒரு பங்கு. முருகைக்கல்லை அரைத்துக் கருவியில் வைத்தால் 26 பாகைக்குச் சற்று மேலே அரகனைற்றின் கோடு எழும். சுண்ணாம்புக்கல்லாயின் 29.4 பாகையிற் கல்சைற்றின் கோடு. ஏறத்தாழ 900 பாகை செல்சியசிற் சுட்டெடுத்தால் அவ்விரண்டும் மறைந்து 37 பாகையை அடுத்துச் சுட்ட சுண்ணாம்பாகிய கல்சியம் ஒட்சைட்டின் கோடு வரும். நீர் தெளித்து நீற்றினால் அதுவும் மறைந்து, 18 பாகையிலும் 34 பாகையிலும் கல்சியம் ஐதரொட்சைட்டின் கோடுகள் தோன்றும். சுவரிற் பூசிச் சில ஆண்டுகள் கழிந்தபின் அச்சாந்திலே மீண்டும் 29.4 பாகைக் கோடு: காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உண்டு சுண்ணாம்பு மறுபடியுங் கல்லாகிவிட்டது. சூளைத் தொழிலாளி ‘வெந்தது’, ‘நீறியது’, ‘இறுகியது’ எனக் கூறிய மூன்று சொற்களும் மூன்று பளிங்கமைப்பு மாற்றங்களைக் குறித்தன. அச்சொற்களிற் பிழை எதுவும் இல்லை.

குடியேற்ற ஆட்சியிற் கல்லும் கருவியும் எவ்வாறு வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டிருந்தன என்பதற்கு இலங்கையின் கனிப்பொருள் வரலாறு தெளிவான சான்று. ஆனந்த குமாரசுவாமியை நாம் கலை வரலாற்றாசிரியராகவே அறிவோம். யாழ்ப்பாணத் தமிழ்க் குடியின் வழிவந்த சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாகிய அவர் புவிச்சரிதவியலாளராகவே இலங்கைக்கு வந்து, 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கினார். அக்காலத்திற் சபரகமுவைப் பகுதியிற் கிடைத்த கரிய கனச்சதுரப் பளிங்குகள் லண்டனிலிருந்த ஏகாதிபத்திய நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே டன்ஸ்ரன் அவற்றைப் பகுத்தாய்ந்து 1904இல் ‘தோரியனைற்று’ எனப் பெயரிட்டார். வாயு விளக்குத் திரிகளுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. கனிப்பொருள் அளவையின் நோக்கத்தை விளங்கிக்கொள்ள இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. கிராமக் கைவினைகள் அழிவதைக் கண்டு குமாரசுவாமி கொண்ட துயரமும், 1908இல் அவர் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலும் இக்களப்பணியின் ஊடாகவே பிறந்தன. அவரது தீர்வு பின்னோக்கியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நோயை அவர் கண்ட இடம் சரியானது.

அரை நூற்றாண்டின் பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. இலங்கையிலிருந்து சென்ற கபில நிற இரத்தினங்கள் ஐரோப்பியச் சேகரிப்புகளில் ஒலிவீன் வகையினவாகக் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றின் பௌதிக அளவுகள் சற்றுப் பொருந்தாமையால் எழுந்த ஐயத்தை, லண்டனில் பிரித்தானிய நூதனசாலையின் இயற்கை வரலாற்றுப் பிரிவைச் சார்ந்த கிளறிங்புல், ஹே ஆகியோர் எக்ஸ்-கதிரால் தீர்த்தனர்: அது அதுவரை அறியப்படாத ஒரு மகனீசிய அலுமினியப் போரேற்று. 1952இல் அதற்கு ‘சிங்களைற்று’ எனத் தீவின் வடமொழிப் பெயர் சூட்டப்பட்டது. நாடு சுதந்திரம் பெற்று நான்காண்டுகள் கழிந்திருந்தன. நாட்டின் பெயர் தாங்கிய கல்லை நாட்டிலே இனங்காணும் வசதி இருக்கவில்லை.

இவ்விடத்தில் ஜோன் டெஸ்மண்ட் பேர்னாலை நினைவுகூர வேண்டும். 1901இல் அயர்லாந்திற் பிறந்த அவர் மூத்த பிராக்கின் ஆய்வுகூடத்திற் பயின்று, 1924இல் காரீயத்தின் அமைப்பைத் தீர்த்தார். 1934இல் டொறதி குறோஃபுட்டுடன் பெப்சின் புரதப் பளிங்கின் முதல் தெளிவான எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பெற்றார். இளமையிலேயே கம்யூனிஸ்ற் கட்சியிற் சேர்ந்த அவரை 1931இல் லண்டனில் நடந்த விஞ்ஞான வரலாற்று மகாநாடு ஆழமாகப் பாதித்தது. நியூற்றனின் நூலுக்குச் சமூக பொருளாதார வேர்கள் உண்டென அங்கே போரிஸ் ஹெசன் படித்த கட்டுரையின் வழியே, 1939இல் பேர்னால் எழுதிய ‘விஞ்ஞானத்தின் சமூகப் பணி’யும், 1954இல் வந்த ‘வரலாற்றில் விஞ்ஞான’மும் நின்றன. நம்மில் ஒரு தலைமுறையினர் விஞ்ஞானத்தைப் பற்றிச் சிந்திக்கக் கற்றது அந்நூல்களிலேதான். ஹெசனை 1936இல் சோவியத் அரசே சுட்டுக்கொன்றதும், லைசென்கோ விவகாரத்திற் பேர்னால் பிழையான பக்கத்தில் நின்றதும் மறைக்கப்பட வேண்டியன அல்ல. அவற்றைச் சொல்லாமல் அவரைப் போற்றுவது அவரது முறையியலுக்கே முரண்.

1938இல் பேர்னால் பேராசிரியராகச் சென்ற பேர்க்பெக் கல்லூரி, பகலில் உழைத்து மாலையிற் படிப்போருக்கானது. யுத்தத்தில் இடிந்த நகரங்களை மீளக் கட்ட வேண்டியிருந்த ஆண்டுகளில் அங்கே புரதங்களோடு சீமெந்தும் ஆராயப்பட்டது. போட்லன்ட் சீமெந்தின் முக்கிய கூறாகிய முக்கல்சியஞ் சிலிக்கேற்றின் அமைப்பை அவரது பிரிவைச் சேர்ந்த ஜெஃப்ரி 1952இல் வெளியிட்டார். சீமெந்து நீரேற்றம் பெறும்போது நிகழும் பளிங்கு மாற்றங்களைப் பற்றிய ஆய்வுரையும் பேர்னால், ஜெஃப்ரி, ரெய்லர் ஆகியோரால் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. சுண்ணாம்புக்கல்லையும் களியையும் 1450 பாகை செல்சியஸ் அளவிற் சுட்டெடுக்கும் கிளிங்கரில் விரைந்து இறுகும் ‘அலைற்று’ 50 முதல் 70 சதவீதமும், மெல்ல இறுகும் ‘பெலைற்று’ 15 முதல் 30 சதவீதமும் இருக்கலாம். இரண்டும் கல்சியமும் சிலிக்கனும் ஒட்சிசனுமே. வெறும் இரசாயனப் பகுப்பு மொத்தக் கணக்கைத் தரும். எது எவ்வளவு என்பதை நேரடியாகப் பிரித்தறிய எக்ஸ்-கதிர்க் கோணல் வேண்டும். கட்டடம் எத்தனை நாளில் வலுப்பெறும் என்பது அதிலேயே தங்கியுள்ளது.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது 1950இல். லண்டனில் அலைற்றின் அமைப்புத் தீர்க்கப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நமது மயோசீன் கல் வெடிவைத்துப் பெயர்க்கப்பட்டு, முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்த களியோடு சேர்ந்து சுழல் சூளையுட் சென்றது. குடாநாட்டின் முதலாவது பெருங்கைத்தொழில் இதுவே. சாதியாலும் ஊராலும் பிரிந்து கிடந்த உழைப்பாளரை ஒரே சங்கொலியின் கீழ்க் கொணர்ந்ததில் அதன் முக்கியத்துவம் தனியே ஆராயப்பட வேண்டியது. இங்கு நமக்கு வேண்டியது வேறொரு கணக்கு. தொழிற்சாலைக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் பின்னர், 1974இல், பேராசிரியர் கைலாசபதியைத் தலைவராகக்கொண்டு யாழ்ப்பாண வளாகம் தோன்றியது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1990இல், போர் தொழிற்சாலையை நிறுத்தியது. கிளிநொச்சியிற் பொறியியற்பீடம் அமைந்த 2010களிற் சூளை குளிர்ந்து இருபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. பல்கலைக்கழகமும் பெருங்கைத்தொழிலும் ஒரே மண்ணில் ஒன்றாக வாழ்ந்தது பதினாறு ஆண்டுகளே. அவற்றிலும் பிற்பகுதி எத்தகையதென்பதை நாமறிவோம்.

இதனை வறிய நாட்டின் தவிர்க்கவொண்ணா விதியெனக் கொள்வோருக்குப் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள சென்னை ஒரு மறுப்பு. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், சி. வி. இராமனின் பரிந்துரைப்படி, முப்பது வயதுகூட நிரம்பாத ஜி. என். இராமச்சந்திரனைப் பௌதிகவியற் பிரிவின் தலைவராக்கினார். கிண்டியில் எக்ஸ்-கதிர் ஆய்வுகூடம் எழுந்தது. அங்கே வந்த பேர்னால், தோலினதும் தசைநாணினதும் புரதமாகிய கொலாஜனின் அமைப்பு இன்னும் தீரவில்லை என எடுத்துக்காட்டினார். அருகிலேயே இருந்தது 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் ஏற்றுமதி சென்னையின் பழைய குடியேற்ற வணிகங்களில் ஒன்று. அத்தோலைப் பதனிட்டோர் எச்சாதியினர் என்பதை இவ்விதழின் வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் கொலாஜன் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரி என நிறுவின. கேம்பிறிட்ஜில் கிறிக்கும் றிச்சும் ஐதரசன் பிணைப்புகளின் எண்ணிக்கை பற்றி மறுப்புக் கூறித் திருத்திய வடிவொன்றைத் தந்தனர். அத்திருத்தம் நிலைத்தது, முப்புரியும் நிலைத்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என அவ்விவாதம் எழுப்பிய வினாவிலிருந்தே, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு இராமச்சந்திரன் 1963இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடம் பிறந்தது. சென்னையின் வறுமை நமது வறுமைக்குக் குறைந்ததன்று. அங்கே தொழில், ஆய்வு நிலையம், பல்கலைக்கழகம் மூன்றும் ஒரு நடைதூரத்துள் ஒரே காலத்தில் இருந்தன, இருக்கும்படி திட்டமிடப்பட்டன.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் பளிங்கு, சாலகம், கோணல் என்னும் சொற்களை நமக்குத் தந்தன. தமிழ்நாட்டார் ‘படிகம்’, ‘விளிம்பு விளைவு’ என்பர். கதிர் வளைந்து செல்வதைக் ‘கோணல்’ என்றது மொழிபெயர்ப்பாளரின் துணிவு. முதன்முறை கேட்ட மாணவர் சிரித்திருப்பர், ஆனால் மறந்திரார். அச்சொற்களைக் கொண்டு உயர்தர வகுப்புவரை பௌதிகவியல் தமிழிற் கற்பிக்கப்படுகிறது. பல்கலைக்கழக வாயிலில் அவை பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. சூளையின் சொல் ஏட்டுக்கு வராமலும், ஏட்டின் சொல் ஆய்வுகூடத்துக்குச் செல்லாமலும் இருப்பது ஒரே பிரிவினையின் இரு முகங்கள் எனவே எனக்குப் படுகிறது.

1990ஆம் ஆண்டு முற்றுகையிலும் அதன் பின்னரும் சிதைந்த யாழ்ப்பாணக் கோட்டையின் திருத்தப் பணிகள் 2010 அளவில் நெதர்லாந்தின் நிதியுதவியுடன் தொடங்கின. இத்தகைய பழைய சுவரைப் பழுதுபார்க்குமிடத்து எழும் முதல் வினா, அதன் சாந்தில் இப்போது எவ்வகைப் பளிங்குகள் உள்ளன என்பதே. சுண்ணாம்புச் சாந்தினாலான முருகைக்கற் சுவரின்மேல் சீமெந்தைப் பூசினால், ஈரத்தை வெளிவிடாத அக்கடினமான பூச்சின் உள்ளே உப்புச் சேர்ந்து கல்லே உதிரத் தொடங்கும். விடை காண ஒரு கரண்டி தூளும் சில மணி நேரமும் போதும். குடாநாட்டில் இருநூறு, முந்நூறு ஆண்டுச் சுவர்கள் கோட்டையில் மட்டும் நிற்கவில்லை. தேவாலயங்களிலும் கோயில் வீதிகளிலும் கேணிக் கட்டுகளிலும் நிற்கின்றன. அவற்றிற் பலவற்றின்மீது ஆண்டுதோறும் சீமெந்து பூசப்பட்டு வருகிறது.